கை ஒரு ஊர், மண் ஒரு ஊர்

செராமிக் கண்காட்சிகளில் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார்கள். 'பல பண்பாடுகளின் சங்கமத்தில் வளர்ந்தவர், இயற்கையை நேசிப்பவர்' என்று அதில் தவறாமல் எழுதியிருக்கும். படித்துவிட்டு நிமிர்ந்தால் பானையின் ஒரு பக்கம் ஒரு நாட்டுப் பூ, மறுபக்கம் இன்னொரு நாட்டு அலை. சங்கமம் முடிந்தது. சில வருடங்களாக விடுமுறை நாட்களில் சக்கரத்தின் முன் உட்கார்ந்து மண்ணோடு மல்லுக்கட்டுகிற ஆள் நான். அந்த அட்டையைப் பார்த்தாலே கொஞ்சம் எரிச்சல் வருகிறது. எழுதியிருப்பது பொய் என்பதால் அல்ல, அந்த இரண்டு விஷயமும் உண்மையில் எங்கே வேலை செய்கின்றன என்று யாரும் சொல்வதில்லையே என்பதால்.

முதலில் கை. ஜப்பானில் சக்கரம் மரபாக வலஞ்சுழியாகச் சுற்றும். ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் பெரும்பாலும் இடஞ்சுழி. நான் பழகியது இடஞ்சுழி. ஒருநாள் வீம்புக்கு மோட்டாரின் திசையை மாற்றிவிட்டு வனைய உட்கார்ந்தேன். எப்போதும் வெளியே இருக்கும் வலது கை உள்ளே போக வேண்டும், உள்ளே இருக்கும் இடது கை வெளியே வர வேண்டும். மண்ணை நடுவில் நிலைநிறுத்தவே மூச்சு வாங்கியது. கடைசியில் ஒரு கோணல் கோப்பைதான் வந்தது. ஆனால் அதன் வயிற்றில் ஒரு வளைவு விழுந்திருந்தது. என் வலது கை அத்தனை வருடமும் போடாத வளைவு. அன்றுதான் புரிந்தது, நான் 'என் பாணி' என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி வெறும் பழக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட பண்பாட்டில் வளரும் பிள்ளைக்கு இது கோப்பை உடையாமலே தெரிந்துவிடுகிறது. எந்த வேலைக்கும் இன்னொரு திசை உண்டு என்பது அதற்குச் சின்ன வயதிலேயே சாதாரணம்.

மக்டலீன் ஒடுண்டோவைப் பாருங்கள். 1950இல் நைரோபியில் பிறந்தவர், குழந்தைப் பருவத்தில் கொஞ்ச காலம் டெல்லி, 1971இல் இங்கிலாந்து. அப்புறம் நைஜீரியாவின் அபுஜாவுக்கு (இன்று சுலேஜா என்று அழைக்கப்படும் ஊர்) போய், சக்கரமே இல்லாமல் கையால் பானை எழுப்பும் பெண்களிடம் கற்றார். இன்றும் அவர் கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் பூச்சு, பூசுவதில்லை. மண்குழம்பு பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிச் சூளையில் வைக்கிறார். காற்று தாராளமாகப் போனால் செம்மஞ்சள். காற்றை அடைத்துப் புகையவிட்டால் கருப்பு. அந்தப் பானைகளைப் பார்த்து 'இது ஆப்பிரிக்கா, இது இங்கிலாந்து' என்று கோடு போட்டுப் பிரிக்கவே முடியாது. கழுத்து, தோள், வயிறு என்று ஒரு பெண் நிற்பதுபோல நிற்கும்.

சரி, இயற்கை? இங்கே எனக்குப் பிடித்தவர் தோஷிகோ தகாயெசு. 1922இல் ஹவாயில், ஜப்பானியக் குடியேறிகளின் மகளாகப் பிறந்தவர். பானை செய்வது, சமைப்பது, காய்கறி வளர்ப்பது மூன்றும் தனக்கு ஒன்றுதான் என்று சொன்னவர். கிலாவேயா எரிமலை வெடிப்பில் பட்டுப்போன காட்டின் நினைவாக ஆளுயரத்துக்கும் மேலே மண் மரங்களை நிறுத்தினார். இலை இல்லை, கிளை இல்லை, நெடுநெடுவென்று வெறும் தண்டு. வாய் மூடிய பானைகளும் அவருடைய அடையாளம். மூடுவதற்கு முன் சிறு மண் உருண்டையைக் காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டுவிடுவார். சூளையில் காகிதம் எரிந்துபோகும், உருண்டை மிஞ்சும். பானையை எடுத்து ஆட்டினால் உள்ளே ஒரு சத்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்தால் அந்தப் பானையில் பாதி போச்சு என்பேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்த அட்டை எழுதுகிற ஆள்தான். பல பண்பாடு எல்லோருக்கும் பரிசாக வந்துவிடுவதில்லை. குயவர் லூசி ரீ 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவைவிட்டு லண்டன் வந்தார். பிழைப்புக்குச் செராமிக் பொத்தான் செய்தார். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1592இல் கொரியா மீது ஜப்பான் தொடங்கிய படையெடுப்பில் கொரியக் குயவர்களை ஜப்பானுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிடாவில் ஜப்பானின் முதல் பீங்கான் பிறந்ததே அவர்கள் கையால்தான். கொரியாவில் பழகிய கை, அரிடா மலையின் வெள்ளைக் கல். கையை ஊர் மாற்றிக் கொண்டுபோகலாம், மலையைக் கொண்டுபோக முடியாதே. புது மண் பழைய கை சொன்னபடியெல்லாம் கேட்காது. எவ்வளவு சுருங்கும், எந்தச் சூட்டில் தளரும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாக வேண்டும். கிண்ணத்தில் நமக்குப் பிடித்துப்போவது பெரும்பாலும் இந்தக் கைக்கும் மண்ணுக்கும் நடந்த பேரம்தான் என்பது என் கட்சி. அதற்குப் பொறுமை வேண்டும். இயற்கை மீது காதல் என்பதை நான் இந்தப் பொறுமையாகத்தான் புரிந்துகொள்கிறேன், பூ வரைவதாக அல்ல.

எனக்கு அது வந்துவிட்டதா என்றால் இல்லை. போன மழைக்காலத்தில் சருகைச் சேர்த்து எரித்தேன். ஒரு சாக்கு சருகுக்கு இரண்டு கை சாம்பல். சலித்து, தண்ணீரில் ஊறவைத்து வடித்து, களிமண் கலந்து ஆறு கோப்பைகளுக்குப் பூசினேன். 1250 டிகிரிக்கு மேல் சாம்பல் உருகிக் கண்ணாடியாகும் என்று படித்திருந்தேன். ஆகத்தான் செய்தது. நாலு கோப்பைகளில் கிளேஸ் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது, உளி வைத்துப் பெயர்க்க வேண்டியதாயிற்று. ஐந்தாவதன் அடியில் S வடிவ விரிசல். வனையும்போது அடிமண்ணை அழுத்தாமல் அவசரப்பட்டது நான்தான், சருகின் மேல் பழி போட முடியாது.

ஆறாவது தேறியது. கைப்பிடி சேருமிடத்தில் ஒரு பச்சைத் துளி வழிய வந்து, பாதியில் நின்றிருக்கிறது. வலஞ்சுழியில் வனைந்த அந்தக் கோணல் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அட்டை எதுவும் வைக்கவில்லை.