டாயின் கதை கேமில் இருந்து வந்ததல்ல

'டிராகன் குவெஸ்ட்: டாயின் சாகசம்' என்ற ஜப்பானிய அனிமே பற்றி, "டாய் தொடர் டிராகன் குவெஸ்ட் கேமின் கதைதான், 1991 தொடரைப் பார்த்தாலே முழுக்கதையும் தெரிந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. கேமிலிருந்து வந்தவை அந்த உலகம், ஸ்லைம் என்ற குட்டி அரக்கர்கள், மேரா, ஹொய்மி போன்ற மந்திரங்கள். நாயகன் டாய், அவன் தோழன் பாப், ஆசான் அவான் எல்லோரும் ரிகு சான்ஜோ எழுதி கோஜி இனாடா வரைந்த மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) பிறந்தவர்கள். அது ஷோனென் ஜம்ப் வார இதழில் 1989 முதல் 1996 வரை வந்தது. மங்கா முடிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 46 அத்தியாயங்களோடு பழைய தொடர் பாதியில் நின்றுவிட்டது. கடைசிப் போர்வரை பார்க்க வேண்டுமானால் 2020-இல் தொடங்கிய 100 அத்தியாயத் தொடரைப் பாருங்கள். பயந்தாங்கொள்ளி பாப் எப்படி வளர்கிறான் என்பதற்காகவே பார்க்கலாம். புதிதாகப் பார்க்க வருபவர்களைத் தயவுசெய்து பாதிக் கதையோடு அனுப்பிவிடாதீர்கள்.