விடை தெரியவில்லை

(தர்மபுரிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. மாசி மாதம். முறம் நிறையப் புளி. மருமகள் ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையும் பிசுபிசுவென்று இருப்பதால் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு கைடு மாமியார் மடியில். மாமியாரின் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு, மறு பக்கம் நூல்.)

மாமியார்: கேள்வி கேட்கறேன், கையை நிறுத்தாம பதில் சொல்லு கண்ணு. புளியில் உள்ள அமிலம் எது? ஏ, சிட்ரிக். பி, டார்... டார்...

மருமகள்: டார்டாரிக். பி தான் அத்தை.

மாமியார்: அட, இதுல ஆசிட்டா இருக்கு? நாப்பது வருஷமா உன் மாமனாருக்கு ரசம் வச்சு ஊத்தறேனே!

மருமகள்: எலுமிச்சையில சிட்ரிக். தயிர்ல லாக்டிக். எறும்பு கடிச்சா எரியுதே, அது ஃபார்மிக்.

மாமியார்: எறும்புக்கு ஒரு ஆசிட், தயிருக்கு ஒரு ஆசிட். நம்ம வீட்டு ஆம்பளைங்க வாய்க்கு என்ன ஆசிட்னு போட்டிருக்கா பாரு.

மருமகள்: அது சிலபஸ்ல இல்ல அத்தை. அடுத்தது கேளுங்க.

மாமியார்: தமிழ்நாட்டில் மொத்தம் எத்தனை மாவட்டம்?

மருமகள்: 38.

மாமியார்: தப்பு. 32.

மருமகள்: 38 அத்தை.

மாமியார்: அச்சுல போட்டிருக்கான், 32-னு. நீயா ஆறு மாவட்டம் சேர்த்தா கவர்மென்ட் ஒத்துக்குமா?

மருமகள்: கவர்மென்ட்தான் சேர்த்துச்சு. 2019-ல கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு. 2020-ல மயிலாடுதுறை. இது உங்க பையன் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின கைடு. புதுசு வாங்கிக் கொடுங்கன்னு கேட்டதுக்கு, "வரலாறு என்ன மாறவா போகுது"ன்னு இதையே பரண்மேல இருந்து எடுத்துக் கொடுத்தார்.

மாமியார்: அவன் இந்த கைடைப் படிச்சுட்டுப் போயி எத்தனை மார்க் வாங்கினான்னு வீட்டுக்கு வந்து சொல்லவே இல்ல. இப்பத்தான் புரியுது. சரி, நம்ம தர்மபுரி எப்பப் பிரிஞ்சுது, சொல்லு. இது நானா கேட்கறேன்.

மருமகள்: சேலத்துல இருந்து 1965 அக்டோபர் 2. அப்புறம் 2004-ல நம்மகிட்ட இருந்து கிருஷ்ணகிரி.

மாமியார்: அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாதிரிதான். மாந்தோப்பெல்லாம் அவங்க பக்கம் போச்சு, ஒகேனக்கல் நமக்கு நின்னுச்சு. பாரு கண்ணு, அந்த நாரை விட்டுட்ட.

மருமகள்: (நாரை உருவிக்கொண்டே) இந்த கைடுல இன்னொரு குறை இருக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடைதான் போட்டிருக்கும். இப்ப அஞ்சு. அஞ்சாவது ஈ.

மாமியார்: ஈ-ன்னா?

மருமகள்: "விடை தெரியவில்லை." தெரியலைன்னா அந்த வட்டத்தை ஷேட் பண்ணணும். சும்மா விட்டா மார்க் பிடிச்சுக்குவாங்க.

மாமியார்: தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு வட்டமா? தப்பா எழுதினா மார்க் பிடிப்பாங்களா?

மருமகள்: தப்புக்குப் பிடிக்க மாட்டாங்க.

மாமியார்: அப்ப எவ தெரியலைன்னு ஒத்துக்குவா? கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொட்டுட்டுப் போக வேண்டியதுதானே?

மருமகள்: அப்படித்தான் எல்லாரும் போறாங்க. ஆனா எதையாவது ஒண்ணை ஷேட் பண்ணியே ஆகணும். கடைசியில ஏ எத்தனை, பி எத்தனை, ஈ எத்தனைன்னு எண்ணி எழுதணும். அதுக்குன்னே தனியா நேரம் கொடுக்கறாங்க.

மாமியார்: ஓ... காலியா விட்டா பின்னாடி எவனாவது நிரப்பிடுவான்னா? அப்படிச் சொல்லு! எங்க குழு நோட்டுல இதானே பண்றோம். காலி வரி இருந்தா குறுக்க ஒரு கோடு, அதுமேல கையெழுத்து. உங்க ஆபீசருங்களுக்கு இது இப்பத்தான் தோணுச்சாக்கும்.

மருமகள்: குழுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டுல எங்க, எப்ப ஆரம்பிச்சுது? கேட்பாங்க அத்தை, இதை அடிக்கடி கேட்பாங்க.

மாமியார்: இதே தர்மபுரிதான். உன் புருஷன் கைக்குழந்தை.

மருமகள்: 1989. ஐஃபாட் உதவியோட.

மாமியார்: ஐஃபாட்டா? அது யாரு? எங்க ஊருக்கு வந்தது ஒரு மேடம். வேப்பமரத்தடியில பாய் விரிச்சு உட்கார வச்சாங்க. "உங்க பேரைச் சொல்லுங்க"ன்னாங்க. பாதிப் பேரு புருஷன் பேரைச் சொல்லி அவர் பொண்டாட்டின்னாங்க.

மருமகள்: ஐஃபாட்னா பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியம். தலைமையிடம் ரோம்.

மாமியார்: ரோமாபுரியா? அங்க இருந்தா காசு வந்துச்சு? அது தெரியாம நாங்க ரெண்டு வெள்ளாடு வாங்கினோமே!

மருமகள்: (கையை நிறுத்தி) அத்தை, நான் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணின கேள்விக்கு நீங்கதான் விடை. முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

மாமியார்: நீ கேட்டாத்தானே. இந்த வீட்டுல என்கிட்ட ஏ, பி, சி, டி வச்சு யாரு கேட்கறா? "சோறாச்சா"ங்கற ஒரே கேள்விதான்.

மருமகள்: சரி, கணக்குக்குப் போகலாம். 25 கேள்வி கணக்கு, ரீசனிங். அங்கதான் எனக்கு நேரம் போகுது. 5,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி, 2 வருஷத்துக்கு எவ்வளவு? இருங்க, ஃபார்முலா எழுதறேன். பி என் ஆர் பை...

மாமியார்: ஆயிரத்து இருநூறு.

மருமகள்: பேனாவையே இன்னும் எடுக்கல அத்தை!

மாமியார்: பன்னெண்டு சதவீதம்னா நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டி. ஐயாயிரத்துக்கு மாசம் அம்பது. இருபத்துநாலு மாசம். இதுக்கு எதுக்குப் பேனா?

மருமகள்: கூட்டு வட்டியா இருந்தா? தனிவட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்பாங்க. அதுக்குத் தனி ஃபார்முலா.

மாமியார்: வட்டிக்கு வட்டிதானே? முதல் வருஷம் அறுநூறு. அந்த அறுநூறுக்கு ரெண்டாவது வருஷம் வட்டி எழுபத்திரெண்டு. வித்தியாசம் எழுபத்திரெண்டு. ஃபார்முலா படிச்சவன் எவனும் குழுவுல கடன் கட்டினவன் இல்ல போலிருக்கு.

மருமகள்: (வாய்க்குள்) 72... சரியாத்தான் இருக்கு. இதுக்கு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன்.

மாமியார்: ஆமா, (கைடைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்) 118-ஆம் பக்கத்துல, அமிலமும் காரமும் இருக்கே, அதுக்கு ஓரத்துல பேனாவுல "சுமதி"ன்னு எழுதியிருக்கு. சுத்தி ஒரு பூ. யாரும்மா சுமதி?

மருமகள்: யாரு சுமதி?

மாமியார்: உனக்குத் தெரியாதா?

மருமகள்: என் பேரு சுமதி இல்லையே அத்தை. கைடு உங்க பையனோடது. கையெழுத்தும் அவரோடது. நீங்கதான் சொல்லணும்.

மாமியார்: (பக்கத்தைப் புரட்டிவிட்டு) ஈ.

மருமகள்: என்ன ஈ?

மாமியார்: விடை தெரியவில்லை. சும்மா விட்டா மார்க் பிடிச்சுக்குவாங்கன்னு நீதானே சொன்ன? எதையாவது ஒண்ணை ஷேட் பண்ணணும்ல, பண்ணிட்டேன். அடுத்த கேள்வி. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது?

மருமகள்: மரகதப்புறா. அவர் சாயந்தரம் வரட்டும், மீதி கேள்வியை நான் கேட்டுக்கறேன்.

மாமியார்: மாநில விலங்கு?

மருமகள்: நீலகிரி வரையாடு. பூ செங்காந்தள், மரம் பனை. பேச்சை மாத்தாதீங்க.

மாமியார்: மாத்தல கண்ணு. இந்த ஈ ரொம்ப நல்ல ஏற்பாடுதான்னு இப்பத்தான் தோணுது. என்ன, உன் மாமனார் மட்டும் பரீட்சைக்குப் போனா அந்த வட்டம் புத்தம்புதுசா திரும்பி வரும். அவர் ஆயுசுக்கும் தெரியாதுன்னு சொன்னதில்ல. போன வாரம் பாலக்கோட்டுக்கு வழி கேட்டவனைப் பென்னாகரம் பஸ்ல ஏத்தி விட்டுட்டு, "பின் வாசல்ல இறங்கு"ன்னு வேற சொல்லி அனுப்பினார்.

மருமகள்: அவருக்கு எந்தக் கேள்விக்கும் விடை தயார் அத்தை. கேள்விதான் சில சமயம் தப்பா இருக்கும்.

மாமியார்: மணி ஆறாகுது. நீ இன்னும் எத்தனை பாடம் பார்க்கணும்?

மருமகள்: அரசியலமைப்பு பாக்கி. அடிப்படை உரிமைகள். ஆனா களி கிண்டணுமே.

மாமியார்: இரு. கடைசியா ஒரு கேள்வி. இன்னைக்கு ராகிக்களி கிண்டப் போறது யாரு? ஏ, நீ. பி, நான். சி, உன் மாமனார். டி, சுமதி.

மருமகள்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) சி-க்கு அவர் ஒத்துக்கணுமே அத்தை.

மாமியார்: கேள்வியைக் கேட்கற விதத்துல கேட்கணும் கண்ணு. (உள்பக்கம் திரும்பி, உரக்க) ஏங்க! கட்டி தட்டாம களி கிண்டுறது எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?

(உள்ளிருந்து ஒரு கனைப்பு. பிறகு குரல்: "தெரியாம என்ன? இதெல்லாம் ஒரு வேலையா?")

மாமியார்: துடுப்பு கதவுக்குப் பின்னால இருக்கு. மாவு பானையில. (கைடைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு) நீ சொல்லு கண்ணு, தீண்டாமை ஒழிப்பு எந்தப் பிரிவு?

மருமகள்: 17, அத்தை.