பர்மா பிக்குகள் அரசியல் பேசினால் உங்களுக்கு என்ன கோபம்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை இங்கே பலர் நேரிலேயே பார்த்தீர்கள். "பிக்கு என்றால் தியானம் செய்யட்டும், பர்மா கெட்டதே சாமியார்கள் அரசியலுக்கு வந்ததால்தான்" என்று பேச வந்தவர் முடித்தார். பதில் சொல்ல எழுந்தேன், "நேரமில்லை, உட்காருங்கள்" என்றார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

புத்த பிக்குகள் அரசியலுக்கு வரவில்லை. அரசியல்தான் மடத்துக்குள் நுழைந்தது. 1885இல் பிரிட்டிஷார் பர்மாவின் கடைசி மன்னர் திபாவைப் பிடித்து இந்தியாவில் உள்ள ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். பிக்குகளின் அமைப்பான சங்கத்துக்குத் தலைவரை நியமித்து மடங்களுக்குக் காவலாக இருந்தவர் அரசர். புது ஆட்சியோ மதத்தில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. 1895இல் சங்கத் தலைவர் இறந்த பிறகு அந்த இடம் பல வருடம் காலியாகவே கிடந்தது. இது அரசியல் இல்லையா?

அப்புறம் செருப்பு விவகாரம். பர்மியர்கள் வெறுங்காலோடு போகும் பகோடாவுக்குள், அதாவது புத்தர் கோயிலுக்குள், வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு போனார்கள். 1919இல் மண்டலையில் பொறுக்க முடியாமல் பிக்குகள் அடித்து விரட்டினார்கள். அந்தப் பிக்குகளில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை. 1921இல் பிரிட்டிஷாரை எதிர்த்துப் பேசிய பிக்கு உ உத்தமாவுக்குச் சிறை. இன்னொரு பிக்கு உ விசாரா சிறைக்குள் காவி உடுக்கும் உரிமை கேட்டு 166 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929இல் உயிரை விட்டார். அவரிடம் போய்த் தியானம் செய்யச் சொல்வீர்களா?

என் அப்பாயி ரங்கூனில் பிறந்தவர். சைவ வீடுதான், ஆனாலும் காலையில் வரும் பிக்குகளுக்குச் சோறு போடாமல் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்களாம். 1964இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்குக் கப்பலேறினார். துரத்தியது பிக்குகள் இல்லை, 1962இல் ஆட்சியைப் பிடித்த தளபதி நெ வின்னின் ராணுவம். 1980இல் மகாநாயகக் குழு என்று மூத்த பிக்குகளின் குழு ஒன்றை அமைத்து மடங்களைத் தன் பிடிக்குள் கொண்டுவந்ததும் அதே நெ வின்தான். 2007இல் ராணுவத்தாரின் பிச்சை வேண்டாம் என்று பிக்குகள் திருவோட்டைக் கவிழ்த்தார்கள். உடனே மடங்களுக்குள் சிப்பாய்கள் புகுந்தார்கள். பிக்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது ஆள்பவனின் ஆசை. அதை நீங்கள் ஏன் பேசுகிறீர்கள்?

"அப்படியானால் முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசும் பிக்குகளின் அமைப்பான மா பா தாவை ஆதரிக்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2017இல் ராணுவத்தின் தாக்குதலால் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதற்கு நியாயம் பேசிய பிக்குகளை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் 2021இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு தளபதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்களும் பிக்குகள், அவருக்கு எதிராகத் தெருவில் இறங்கிச் சிறைக்குப் போனவர்களும் பிக்குகள். எல்லோரையும் ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

"உங்கள் தமிழ் ஆட்கள் வட்டி வாங்கியதால்தான் பர்மாவிலிருந்து துரத்தினார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1930களில் நெல் விலை விழுந்து, கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால்வாசி, கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்குப் போனது உண்மை. நிலம் இழந்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அப்பாயியின் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அவர் யாருக்கு வட்டிக்குக் கொடுத்தார்? அப்பாயியின் கழுத்துச் சங்கிலியைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கதையைக் காட்டிப் பிக்குகளைத் திட்டச் சொன்னால் நான் வர மாட்டேன். வாங்கிக்கொண்ட கை சிப்பாயின் கை.