படகை ஏன் இலங்கையிடம் கொடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு

மறுபடியும் அதே கேள்வி. "500 கிலோ ஐஸ் (மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்) பிடித்தது நம் கடற்படை, அதை ஏன் இலங்கையிடம் தூக்கிக் கொடுத்தார்கள்?" 2024 நவம்பரில் அரபிக்கடலில் மடக்கிய அந்த இரண்டு படகுகளைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

அவை இலங்கைக் கொடிப் படகுகள். துப்புக் கொடுத்ததே இலங்கைக் கடற்படை. நம் விமானங்கள் தேடின, நம் கப்பல் மடக்கியது. படகு, ஆள், சரக்கு மூன்றையும் சேர்த்தே ஒப்படைத்தார்கள். அதுதான் சரி.

ஆழ்கடலில் படகு எந்தக் கொடியில் ஓடுகிறதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்கு. கடற்கொள்ளை என்றாலோ, நாடற்ற படகு என்றாலோ எந்தப் போர்க்கப்பலும் ஏறிச் சோதிக்கலாம். போதைப்பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 வியன்னா ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவுப்படி, பதிவு உண்மையா என்று கொடி நாட்டிடம் கேட்க வேண்டும். அனுமதி வாங்கித்தான் ஏற வேண்டும். கோட்டை விடுவது இங்கேதான். நள்ளிரவில் அந்தப் பக்கம் போனை எடுக்க ஆள் இருக்காது. அதற்குள் சட்டலைட் போனும் ஜிபிஎஸ்ஸும் கடலுக்குள் போய்விடும். சரக்கு எங்கே ஏறியது, யாருக்குப் போகிறது என்ற தடயம் அதோடு போச்சு. மிஞ்சுவது வெறும் மூட்டை.

மூட்டையை மட்டும் பிடித்து என்ன பயன்? பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கூட்டுக் கடற்படை பல வருடங்களாக ஹெராயின் பிடிக்கிறது. வழக்கை ஏற்க நாடு இல்லாததால் பெரும்பாலும் சரக்கை அழித்துவிட்டு ஆட்களை விட்டுவிடுகிறார்கள். அதே ஆள் அடுத்த நடை போவதைத் தடுக்க எதுவுமில்லை.

வழக்கு நடத்துவதும் லேசல்ல. கேமரா ஓட ஓட எடை போட்டு, மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஈரப் பொட்டலம் காய்ந்து ஆய்வகத்தில் எடை குறைந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

"இலங்கை, சீஷெல்ஸ் மாதிரித் தீவு நாடுகளிடம் வழக்கைக் கொடுத்தால் லஞ்சத்தில் போய்விடும்" என்பீர்கள். லஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. எந்தத் துறைமுகத்தில் இல்லை? சீஷெல்ஸில் மக்கள் சுமார் 1 லட்சம். காக்க வேண்டிய கடலோ 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள்தொகைக் கணக்கில் ஹெராயினுக்கு அடிமையானவர்கள் உலகிலேயே மிக அதிகமுள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே ஹெராயின் விளைவதில்லை. வேறு எங்கோ போகிற சரக்கு வழியில் சிந்தியே இந்தக் கதி. அவர்களைக் கேலி செய்ய எப்படி மனசு வருகிறது?

கொழும்பையும் சும்மா விடச் சொல்லவில்லை. படகின் பதிவேடு, சொந்தக்காரர், டீசல் போட்ட துறை, ஆள் சேர்த்த தரகர் எல்லாம் அந்தக் கரையில்தான். அந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.