சித்தப்பா மிளகுக் கொடியை அறுத்த வருசம்

2019 ஆகஸ்டில் கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அன்று போடி டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. வண்டன்மேட்டுப் பக்கம் ரெண்டு ஏக்கர் வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் ஒரு வியாபாரி, "இனி மூவாயிரத்துக்குக் கீழ இறங்காதுண்ணே" என்றார். நம்பி, மிளகுக் கொடியை அறுத்துவிட்டு, கடன் வாங்கி நாற்று வைத்தார். ஏலச்செடி நட்ட மூன்றாம் வருசம்தான் நன்றாகக் காய்க்கும். இவர் செடி காய்த்தபோது விலை ஆயிரத்துக்கும் கீழே. ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், உலர்த்தி வந்த சாக்கை அவிழ்த்து, ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொட்டினார். எட்டு எம்எம் பருமனுள்ள பெரிய காய், நல்ல பச்சை. காயில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பொருளாதாரக் கணிப்பைப் பற்றித் தேடிப் படித்தேன். லாரன்ஸ் கிளைன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மனதில் நின்றுவிட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினால் 1930-கள் மாதிரி மறுபடி மந்தம் வரும் என்று பலரும் பயந்த நேரம். போர்க்காலத்தில் சனங்கள் வாங்காமல் தள்ளிப்போட்டது எவ்வளவு, கையில் சேர்ந்த பணம் எவ்வளவு என்று சமன்பாட்டில் போட்டுப் பார்த்து, வராது என்றார். வரவில்லை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களைத் துரத்திய காலத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போக வேண்டிவந்தது. 1958-ல் திரும்பி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நாட்டுப் பொருளாதாரத்தைச் சமன்பாடுகளால் கணிக்கும் 'வார்ட்டன் மாதிரி'யை உருவாக்கினார். 1980-ல் நோபல்.

இப்படிப்பட்ட கணிப்பு மாதிரிகளையும் ராபர்ட் லூகாஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1976-ல் கேள்வி கேட்டார்: கொள்கை மாறினால் மக்களின் எதிர்பார்ப்பும் மாறும், பழைய கணக்கு பிசகும். எங்கள் மலைக்கு இது அப்படியே பொருந்தும். 7,000 என்று கேட்டதும் எத்தனை பேர் நாற்று வைத்தோம்? விலையை இறக்கியதில் அந்த நடவுக்கும் பங்கு உண்டு.

ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிக்கையில் பணவீக்கக் கணிப்பை விசிறி மாதிரி வரைந்திருப்பார்கள். எண் எதுவரை ஏறலாம், எதுவரை இறங்கலாம் என்ற எல்லை காலம் போகப் போக விரியும். செய்தியில் வருவதோ நடுக்கோட்டு எண் மட்டும். எனக்குக் கோபமே இதில்தான். விவசாயிக்கு வேண்டியது அந்த விரிவு. எவ்வளவு வரை இறங்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், சித்தப்பா ஒரு ஏக்கர் மிளகையாவது விட்டுவைத்திருப்பார்.

2024-ல் விலை இரண்டாயிரத்தைத் தாண்டியதும் மறுபடி நாற்றுக்கு அலைந்தார்கள். கம்பம், குமுளி, நெடுங்கண்டம் சொந்தங்களே, உங்கள் பக்கம் எந்த மாதம் எத்தனை நாற்று வைத்தார்கள் என்று எழுதுங்கள். வருசவாரியாக ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். முதல் வரியில் சித்தப்பா தோட்டத்துக் கணக்கை எழுதிவிட்டேன்.