இனவெறி மனித இயல்பா?

"நிறம் பார்த்து ஒதுக்குவது மனித இயல்பு, ஆதியிலிருந்தே இருக்கிறது, இப்போது மறைந்தும் விட்டது" என்றொரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அந்நியரை வெறுப்பது பழசுதான், சரி. ஆனால் தோல் நிறத்தை வைத்துப் பிறப்பிலேயே தாழ்வு கற்பிக்கும் ஏற்பாடு ஆப்பிரிக்கரைக் கடல் கடத்தி அமெரிக்கக் கண்டங்களில் விற்ற அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தோடு வேரூன்றியது. அமெரிக்காவில் அன்று ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவைப் பாருங்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662இல் சட்டம் போட்டார்கள். தகப்பன் வெள்ளை முதலாளியாகவே இருந்தாலும்! ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது என்று 1667இல் இன்னொன்று. இயல்பாக வருவதற்கு இத்தனை சட்டம் எதற்கு?

அப்புறம், மறைந்த கதை. அமெரிக்காவில் சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரம் கருப்பினத்தவருக்கு மட்டும் மதிப்பைக் கூட்டி, சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டியது. அதனால் சிறுநீரக மாற்று அறுவைக்கான காத்திருப்புப் பட்டியலில் இடம் பலருக்குத் தள்ளிப்போனது. நிறம் பார்த்துக் கூட்டும் அந்தக் கணக்கைக் கைவிடும்படி மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தது 2021இல்தான்.