மூடிய ஃபைலிலிருந்து ஒரு எண்ணை எடுக்க இத்தனை பாடா?

திரும்பவும் ஹேஷ் ரெஃப் (#REF!), அதாவது 'நீ காட்டிய இடம் கிடைக்கவில்லை' என்று எக்செல் செல்லில் எழுதும் பிழை. இந்த முறை பெரிய திரையில், எல்லார் முன்னாலும்.

மாதத்துக்கு ஒரு எக்செல் ஃபைல். எல்லாவற்றிலிருந்தும் எண்களை இழுத்து ஒரே தொகுப்பில் காட்ட வேண்டும். மாதத்தின் பெயர் ஒரு செல்லில் இருக்கும். அதை மாற்றினால் ஃபார்முலா அந்த மாத ஃபைலுக்குப் போய் எண்ணை எடுத்து வர வேண்டும். இதற்கு எல்லாரும் கை வைப்பது இன்டைரக்ட் (INDIRECT) மேல்தான்: எழுத்தாகக் கொடுத்த பெயரையே முகவரியாக எடுத்துக்கொள்ளும் ஃபார்முலா. நானும் அதைத்தான் போட்டேன். மாத ஃபைல்கள் திறந்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. எண்களைச் சரிபார்த்து, சேவ் செய்து, மெயிலில் அனுப்பினேன்.

மேலாளர் கூட்டத்தில் அதைத் திறந்தார். எண்கள் எல்லாம் அழகாக இருந்தன. கூட்டுத்தொகை இருந்தது, சார்ட் இருந்தது. மெயிலில் வந்த ஃபைல் என்பதால் மேலே அந்த மஞ்சள் பட்டை. 'எனேபிள் எடிட்டிங்' என்று அதில் ஒரு பொத்தான். அவர் செய்த ஒரே காரியம் அதை அழுத்தியதுதான். அழுத்தியதும் முதல் வரிசை முழுக்க ஹேஷ் ரெஃப். அடுத்த வரிசையும் அப்படியே. அவற்றைக் கூட்டிய செல்லிலும் அதே. அந்தக் கூட்டுத்தொகையை வைத்து சதவீதம் போட்ட செல்லிலும் அதே. சார்ட்டில் நிமிர்ந்து நின்ற தூண்கள் மொத்தமும் தரையோடு படுத்துவிட்டன. "என்னங்க இது, இப்பதானே எல்லாம் இருந்துச்சு?" என்றார். ஆமாம் சார், இப்போதுதான் இருந்தது. எனக்கு வயிறு எரிவதே அதற்குத்தான்!

நடந்தது என்ன என்று பாருங்கள். மஞ்சள் பட்டை இருக்கும்வரை எக்செல் எதையும் கணக்கிடாது, கடைசியாக சேவ் செய்த மதிப்பைத்தான் காட்டும். பொத்தானை அழுத்தியதும் கணக்கிட ஆரம்பிக்கிறது. இன்டைரக்ட் ஒவ்வொரு கணக்கீட்டிலும் புதிதாக ஓடும் ஃபார்முலா. அது மாத ஃபைலைத் தேடுகிறது, அந்த ஃபைல் திறந்திருக்கவில்லை, உடனே கையை விரித்துவிடுகிறது. அதாவது, சரியான எண் ஃபைலுக்குள்ளேயே இருந்தது. அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பிழையை எழுதி வைக்கிறது. இருந்ததையாவது விட்டு வைக்கக் கூடாதா? நேரடியாக லிங்க் போட்டால் அப்படித்தானே செய்கிறது! மூல ஃபைல் மூடியிருந்தாலும் கடைசியாக எடுத்த எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறது, 'அப்டேட் செய்யவா?' என்று மரியாதையாகக் கேட்கிறது, சரி என்றால் மூடிய ஃபைலுக்குள் போய்ப் புது எண்ணை எடுத்தும் வருகிறது. ஆக, மூடிய ஃபைலைப் படிக்கத் தெரியாத மென்பொருள் இல்லை இது. ஃபைலின் பெயரை ஒரு செல்லிலிருந்து எடுத்துக்கொள் என்று கேட்டால் மட்டும் மாட்டேன் என்கிறது.

அந்தப் பிழைச் செய்தி இன்னும் மோசம். வரிசையை அழித்தாலும் ஹேஷ் ரெஃப். ஷீட் பெயர் தப்பாக இருந்தாலும் ஹேஷ் ரெஃப். எல்லாம் சரியாக இருந்து ஃபைல் வெறுமனே மூடியிருந்தாலும் அதே ஹேஷ் ரெஃப். பக்கத்து அறையில் விளக்கு அணைந்திருக்கிறது என்பதற்காக அந்த அறையே இல்லை என்று சொல்வது போல. 'ஃபைல் திறக்கப்படவில்லை' என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை பேருடைய மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்? நாம் என்ன செய்கிறோம்? ஒற்றை மேற்கோள் குறி விட்டுப் போச்சா என்று பார்க்கிறோம். சதுர அடைப்புக்குறியை எண்ணுகிறோம். ஷீட் பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ் இருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. அதைச் சரிபார்க்க மூல ஃபைலைத் திறக்கிறோம். திறந்ததும் எண்கள் வந்துவிடுகின்றன! கடைசியாக எதைத் தொட்டோமோ அதுதான் கோளாறு என்று நம்பி, சேவ் செய்து, மூடிவிட்டுப் போகிறோம். மறுநாள் காலையில் மறுபடியும் ஹேஷ் ரெஃப். இந்தச் சுழலில் சிக்காதவர் எக்செலில் வேலை பார்ப்பவர்களில் யார்?

இன்டைரக்ட் வேண்டாம், நேரடி லிங்க்கோடு சம்இஃப்ஸ் (SUMIFS, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டுவது) போடலாம் என்று போனால் அங்கே வேறு பிழை. மூல ஃபைலை மூடிவிட்டு அப்டேட் செய்தால் ஹேஷ் வேல்யூ (#VALUE!). நிபந்தனைக்குப் பொருந்துவதை எண்ணும் கவுன்ட்இஃப்பும் இதே கதை. ஆனால் பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்அப் (VLOOKUP) மூடிய ஃபைலிலும் ஓடும். இன்டெக்ஸும் மேட்சும் ஓடும். பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட்டும் (SUMPRODUCT) ஓடும். காரணம் இல்லாமல் இல்லை: மூடிய ஃபைலிலிருந்து வருவது வெறும் மதிப்புகளின் பட்டியல், சம்இஃப்ஸுக்கோ திறந்த ஷீட்டில் இருக்கும் நிஜ ரேஞ்ச்தான் (செல்களின் தொகுதி) வேண்டும். சரி, இருக்கட்டும். ஆனால் கணக்கு எழுதுகிறவருக்கு இந்த உள்விவகாரம் எதற்குத் தெரிய வேண்டும்? 'இந்த ஃபார்முலா மூடிய ஃபைலோடு வேலை செய்யாது' என்று எழுதும்போதே ஒரு வரி சொன்னால் யாரும் கூட்டத்தில் தலைகுனிய வேண்டியதில்லை. இப்போது எல்லா சம்இஃப்ஸையும் சம்ப்ராடக்ட்டாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் போட்டு, கூட்ட வேண்டிய நெடுவரிசையால் பெருக்கி, ஒவ்வொன்றாக. வரிசைகள் அதிகமானால் அது இழுத்துக்கொண்டு நிற்கும் என்பதும் தெரியும்.

வெளி ஃபைல்களிலிருந்து தகவலை இழுத்துச் சேர்க்கும் எக்செல் கருவியான பவர் க்வெரி உருப்படியான வழிதான், மறுக்கவில்லை. மாத ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்றையும் திறக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும். 2016 பதிப்பிலிருந்து எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. எண்கள் ஷீட்டில் மதிப்புகளாகவே உட்காருவதால் யார் திறந்தாலும் அழியாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து அதிலேயே ஆரம்பியுங்கள். ஆனால் ஏற்கனவே நூற்றுக்கணக்கான செல்களில் ஃபார்முலா நிறைந்த தொகுப்பு கையில் இருக்கிறவர் எங்கே போவார்? ஒரே ஒரு செல்லின் மதிப்பு வேண்டும் என்பவருக்கு எதற்கு ஒரு முழு க்வெரி?

போதாக்குறைக்கு, இன்டைரக்ட் உள்ள ஃபைலைத் திறந்து, எதையும் தொடாமல் மூடினாலும் 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்கிறது. ஹேஷ் ரெஃப் நிறைந்த நிலையில் யாராவது பழக்கதோஷத்தில் சேவ் அழுத்தினால் கடைசியாக மிஞ்சியிருந்த நல்ல எண்களும் போய்விடும். மேலாளர் அழுத்தினார்.

இதற்கெல்லாம் கிடைத்த ஆலோசனை ஒன்றுதான்: "அந்த ஃபைலையெல்லாம் திறந்து வெச்சுக்கிட்டா சரியாயிடும்ல?" நல்லது, திறந்தேன். இரண்டு பிரிவுகளிலிருந்து வரும் ஃபைல்களுக்கும் ஒரே பெயர், ஃபோல்டர் மட்டும்தான் வேறு. ஒரே பெயரில் இரண்டு ஃபைல்களை ஒரே நேரத்தில் திறக்க முடியாது என்று எக்செல் சொல்லிவிட்டது. இதை மட்டும் தெளிவாக, முழு வாக்கியத்தில் சொல்லத் தெரிகிறது!